தேக்குக் கப்பலைத் தேக்கில் செய்ய முடியாது

மும்பையில் 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கிய ஒரு போர்க்கப்பல் இன்றும் தண்ணீரில் மிதந்தபடி நிற்கிறது. நிற்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில். பெயர் ‘டிரிங்கோமலி’. திருகோணமலைதான் ஆங்கிலேயர் நாவில் அப்படித் திரிந்தது. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதைவிடப் பழையது வேறில்லை. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி ஓடாவி. கட்டிய மரம் மலபார்த் தேக்கு.

ஓடாவி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். மரக்கலம் கட்டும் தச்சருக்கு நம் கடற்கரை வைத்திருக்கும் பெயர் அது. கப்பலின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் நீண்ட கட்டைக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து இரு பக்கமும் விலா எலும்பாக எழும்புபவை வங்குகள். முன்முனை அணியம். பாயைத் தாங்கும் குறுக்கு மரம் பருமல். இவ்வளவு நல்ல சொற்கள் இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை.

அந்தக் கப்பலை 64-இல் ஒரு பங்காகச் சுருக்கி என் மேசைமேல் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் வரும் பாகங்களை எண் பார்த்து ஒட்டும் வேலை இல்லை இது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கட்டையை அறுத்து, இழைத்து, வங்கு முதல் கப்பி வரை எல்லாவற்றையும் கையால் செய்வது. மூன்றாவது வருடம் நடக்கிறது. தொடங்கிய முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன். தேக்குக் கப்பலுக்குத் தேக்குதானே பொருத்தம் என்று, வீட்டுப் பழைய கதவு நிலையிலிருந்து எடுத்து வைத்திருந்த கட்டையை 4 மி.மீ. அகலக் கீற்றுகளாக அறுத்து, ஒரு பக்கத்தில் ஆறு வரிசை ஒட்டிவிட்டேன். நல்ல கட்டை. நாற்பது ஆண்டு காய்ந்தது. இழைப்புளியில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் ஒட்டி முடித்து எட்டி நின்று பார்த்தால், கப்பலைக் கரையான் அரித்தது போலிருந்தது.

காரணம் பூதக்கண்ணாடியில் தெரிந்தது. வேர் உறிஞ்சும் நீரை மேலே கொண்டுபோக மரம் தன் உடலுக்குள் நுண்குழாய்கள் வைத்திருக்கிறது. தேக்கில், ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கத்திலும் உருவாகும் குழாய்கள் பெரியவை. விட்டம் 0.2 மி.மீ. வரும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். நீளவாக்கில் அறுக்கும்போது இவை திறந்துகொண்டு பலகைமேல் மெல்லிய கோடுகளாகத் தெரியும். கதவில் அதுதான் தேக்கின் அழகு. ஆனால் 64-இல் ஒரு பங்கு உலகத்தில் 0.2 மி.மீ. என்பது 1.3 செ.மீ. ஆகிவிடுகிறது. என் கப்பலின் மாலுமி 2.7 செ.மீ. உயரம்தான் இருப்பான். அவன் கண்ணுக்கு அந்தப் பலகையில் சுண்டுவிரல் நுழையும் பள்ளங்கள் வரிவரியாக ஓடும்.

வடிவத்தைச் சுருக்கலாம். மரத்தின் குழாயைச் சுருக்க முடியாது. மாதிரிக் கப்பல் கட்டும் கலையின் பாதி, எது நம்மோடு சுருங்கி வரும், எது வர மறுக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆறு வரிசையையும் பிய்த்துப் போட்டேன்.

பழைய ஆட்கள் இதை அறிந்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இங்கிலாந்துக் கடற்படைக்காகச் செய்த மாதிரிக் கப்பல்கள் பலவற்றை கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஓக் கப்பல்களின் மாதிரிகள்தாம், ஆனால் ஓக்கில் செய்யவில்லை. பேரி மரத்திலும் பாக்ஸ்வுட்டிலும் செய்தார்கள். இந்த மரங்களில் குழாய்கள் மிகச் சிறியவை, ஒரே அளவாகப் பரவியிருப்பவை, வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. அந்த மரங்கள் நமக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் வெட்பாலை இருக்கிறது. சன்னபட்டணா மரப்பொம்மைகளைக் கடைவது அந்த மரத்தில்தான். தந்தம் போன்ற வெண்மை, நெருக்கமான இழை. மஞ்சக்கடம்பும் அப்படியே, சற்று மஞ்சளோடும் கனத்தோடும். என் கப்பலின் வங்குகள் மஞ்சக்கடம்பு, பலகைகள் வெட்பாலை. தேக்கின் நிறம் வேண்டுமானால் எண்ணெயும் சாயமும் கொடுத்துவிட்டுப் போகின்றன.

அளவு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். உண்மைக் கப்பலின் பீரங்கித் தளம் ஏறத்தாழ 45.8 மீட்டர் நீளம், உடல் 12.2 மீட்டர் அகலம். மாதிரியில் இவை 71.6 செ.மீ., 19 செ.மீ. மேல்தளத்தில் 18 ராத்தல் குண்டு போடும் 28 பீரங்கிகள் இருந்தன. அந்தக் குண்டின் விட்டம் 13 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, மாதிரியில் 2 மி.மீ., ஏறக்குறைய ஒரு கடுகு. எடைக் கணக்கு இதைப் போல நேராகப் போகாது. நீளம் 64-இல் ஒன்றானால் பரப்பு 64 × 64-இல் ஒன்றாகும், கனஅளவும் எடையும் 64 × 64 × 64-இல் ஒன்றாகும். அதாவது 2,62,144-இல் ஒரு பங்கு. ஆயிரம் டன் கப்பல் 3.8 கிலோவுக்கு வந்துவிடும்.

64 என்ற எண்ணை நான் விரும்பியதற்குக் காரணம் அதன் வர்க்கமூலம் 8. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1860-களின் கடைசியில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் டார்ட் ஆற்றில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். பிறகு டார்க்கீ நகரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, மெழுகில் உடல் செய்து, ஓட்டி அளந்தார். கப்பல் எழுப்பும் அலையின் உருவம் மாதிரியிலும் உண்மையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டுமானால், வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்பது அவர் நிறுவிய விதி. நீளத்தை 64-ஆல் வகுத்தால் வேகத்தை 8-ஆல் வகுக்க வேண்டும். உண்மைக் கப்பல் 8 நாட் வேகத்தில் போனால் என் மாதிரி 1 நாட்டில் போக வேண்டும். காலமும் இப்படியே. பெரிய கப்பல் ஒருமுறை சாய்ந்து நிமிர 8 விநாடி எடுத்தால், மாதிரி ஒரே விநாடியில் ஆடி முடித்துவிடும். பழைய திரைப்படங்களில் தொட்டியில் விட்ட கப்பல் பொம்மையென்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறதே, அது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஆட்டம் அவசரமாக இருக்கும். படத்தை மெதுவாக ஓட்டினால் பொம்மை கப்பலாகிவிடும்.

பாய் விரித்து ஏரியில் விடலாமா என்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். விட்டால் கவிழ்ந்துவிடும். காற்று கப்பலைச் சாய்க்கும் முயற்சி, பாயின் பரப்பையும் அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நீளத்தின் மும்மடிப் பெருக்கம். கப்பல் நிமிர்ந்துகொள்ளும் முயற்சியோ எடையையும் அந்த எடை செயல்படும் தூரத்தையும் பொறுத்தது. நான்மடிப் பெருக்கம். ஆக அதே காற்றில் என் மாதிரி தன் தாய்க் கப்பலைவிட 64 மடங்கு எளிதாகச் சாயும். ஓடவிடும் மாதிரிகளுக்கு அடியில் ஆழமாக ஒரு துடுப்புப் பலகையும் அதன் நுனியில் கனமான குண்டும் மாட்டுவது இதனால்தான்.

பெரிய கப்பல்களும் இந்தக் கணக்கில் தோற்றிருக்கின்றன. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் புறப்பட்ட சுவீடனின் ‘வாசா’, 64 பீரங்கிகளோடு ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்று வீச்சில் சாய்ந்து மூழ்கியது. புறப்படும் முன்பே முப்பது பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார்கள். சாய்வைக் கணக்கிட்டுச் சொல்லும் வழி அன்று யாரிடமும் இல்லை. பிரான்சின் பியர் பூகே அதை எழுதி வெளியிட்டது 1746-இல்.

வரைபடத்துக்கு வருகிறேன். ‘டிரிங்கோமலி’யின் வரைபடத்துக்கே ஒரு கடற்பயணக் கதை உண்டு. லண்டனிலிருந்து வாடியாவுக்கு அனுப்பிய வரைபடங்கள் ‘ஜாவா’ என்ற கப்பலில் வந்தன. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதைத் தோற்கடித்தது. ‘ஜாவா’ எரிந்தது, வரைபடங்களும் போயின. மறுபடி நகல் வந்து சேர்ந்து, மும்பையில் ஏரா போட்டபோது 1816 ஆகிவிட்டது. பார்சி முறைப்படி ஏராவில் வெள்ளி ஆணி அடித்தார்கள். அந்தக் ‘கான்ஸ்டிடியூஷன்’ இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. வரைபடத்தை இழக்க வைத்த கப்பலும், அந்த வரைபடத்தால் பிறந்த கப்பலும் இரண்டு கரைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அந்த வரைபடத்தின் மூலமும் ஆங்கிலேயருடையது இல்லை. சானே என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளரின் ‘ஹீபே’ கப்பலை 1782 செப்டம்பர் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன் உடல்வாகு பிடித்துப்போய் அளந்து வரைந்து, அதன்படி ‘லீடா’ வகைக் கப்பல்களைக் கட்டினார்கள். அதே வாரத்தில்தான் திருகோணமலைக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பெரும் கடற்போர் நடத்தினார்கள். பெயரும் வடிவமும் ஒரே வாரத்தில், இரண்டு கடல்களில் பிறந்தன என்று சொல்லலாம்.

கப்பல் வரைபடம் என்பது மூன்று பார்வைகள். பக்கவாட்டில் பார்த்தது, மேலிருந்து பார்த்தது, நேர் முன்னிருந்து பார்த்தது. மூன்றாவதுதான் நமக்கு உயிர். ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் கப்பலைக் குறுக்கே வெட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் வளைவுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு வங்கு. பழைய காகித வரைபடத்தை அளக்கும்போது ஒன்று மறக்கக் கூடாது. ஈரத்தில் காகிதம் நீளும், குறுகும், அதுவும் நீளவாக்கில் ஒரு மாதிரி, குறுக்குவாக்கில் வேறு மாதிரி. அதனால் நம் அளவுகோலை நம்பாமல், அந்தத் தாளிலேயே வரைந்திருக்கும் அளவுக்கோட்டை வைத்து அளக்க வேண்டும். தாளோடு சேர்ந்து அந்தக் கோடும் சுருங்கியிருக்கும்.

வளைவு ‘ஒழுங்காக’ இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? என் கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய வங்குகளை ஏராமேல் நட்டு, நீளமான மெல்லிய கீற்றை அவற்றின்மேல் சுற்றிப் பார்த்தேன். ஏழாவது வங்கில் கீற்று தொடவே இல்லை. பதினோராவதில் முட்டிக்கொண்டு புடைத்தது. ஏழாவதற்கு ஒரு தாள் ஒட்டி, பதினோராவதில் நான்கு இழுப்பு உப்புத்தாள் போட்டதும் எல்லா வங்கிலும் கீற்று பட்டும் படாமல் உட்கார்ந்தது. கப்பல் வரைவோர் நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது இதுவேதான். வளையும் மரக்கீற்றைச் சில புள்ளிகளில் ஈய எடைகளால் பிடித்துவைத்து, அது எடுக்கும் வடிவத்தின் ஓரமாகவே கோடு போடுவார்கள். பிடித்த புள்ளிகளுக்கு இடையில் கீற்று தன்னிஷ்டப்படி வளைவதில்லை. வளைவதற்கு ஆகும் ஆற்றல் எந்த வடிவத்தில் மிகக் குறைவோ அந்த வடிவத்தில் போய் நிற்கும். நாம் சமன்பாடு போடுவதற்குள் மரம் தீர்வைக் காட்டிவிடுகிறது. இதற்கு நிகரான கணித வளைகோட்டுக்கு 1946-இல் ஐசக் ஷோன்பர்க் இந்தக் கீற்றின் ஆங்கிலப் பெயரையே வைத்தார். ‘ஸ்ப்ளைன்’ என்று இன்று கணினி வரைகலை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் சொல்லும் சொல், ஓடாவியின் மேசையிலிருந்து போனது.

அடுத்து பலகை போர்த்தல். எனக்கு மிகப் பிடித்த வேலை, என்னை மிக அழவைத்த வேலை.

கப்பலின் உடல் ஒரு பக்கம் மட்டும் வளைந்ததன்று. நீளவாக்கிலும் வளைகிறது, மேல்கீழாகவும் வளைகிறது. இப்படி இரு திசையில் வளைந்த பரப்பைத் தட்டையான தாளாக விரிக்க முடியாது. ஆரஞ்சுத் தோலை மேசைமேல் கிழியாமல் பரப்ப முடியாதது போல. அப்படியிருக்க, தட்டையான பலகைகளால் அதைப் போர்த்த வேண்டும். ஓடாவிகளின் விடை, ஒவ்வொரு பலகையையும் அந்தந்த இடத்துக்கு ஏற்ப அகலம் மாற்றிச் செதுக்குவது. என் மாதிரியில் நடுப்பகுதியில், ஏராவிலிருந்து பக்கவாட்டுத் தடித்த பட்டை வரை உடலைத் தழுவி நூல் பிடித்தால் 140 மி.மீ. 4 மி.மீ. பலகைகள் 35 வேண்டும். அணியத்தில் அதே தூரம் 84 மி.மீ.தான். 35 பலகைகளும் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் 2.4 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும்.

நடுவே உள்ள இருபது முப்பது வங்குகளில் எங்கே எவ்வளவு ஒடுங்குவது? கால்குலேட்டர் வேண்டாம். ஒரு தாளில் அடிக்கோடு ஒன்றின்மேல் சம இடைவெளியில் 36 புள்ளிகள் வைத்து, ஒரே புள்ளியிலிருந்து அவற்றுக்கு விசிறிபோல 36 கோடுகள் வரைந்துகொள்கிறோம். குறுக்கே எந்த இடத்தில் வெட்டினாலும், அடிக்கோட்டுக்கு இணையாக இருக்கும் வரை, 35 இடைவெளிகளும் சமமாக இருக்கும். வடிவொத்த முக்கோணம், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பாடம். இனி ஒரு காகித நாடாவை வங்கின்மேல் சுற்றி நீளத்தைக் குறித்து, அந்த நாடாவை விசிறியில் மேலும் கீழும் நகர்த்தி, முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் சரியாகத் தொடும் இடத்தில் நிறுத்தி, நடுக்கோடுகளைப் பென்சிலால் தொட்டு எடுக்க வேண்டியதுதான். நாடாவைத் திருப்பி வங்கில் வைத்தால், 35 பலகைகளின் ஓரங்களும் அங்கே இருக்கும். இதை முதல்முறை செய்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அணியத்தில் பலகை சட்டென்று வளையும். கன்னத்தில் வளைவின் ஆரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பலகைத் தடிமன் 10 செ.மீ. வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் குறுக வேண்டும். எவ்வளவு விழுக்காடு என்பது தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும். சுமார் 1.7. என் மாதிரியில் தடிமன் 1.6 மி.மீ., ஆரம் 47 மி.மீ., விடை அதே 1.7. இது மட்டும் சுருங்காமல் அப்படியே வருகிறது. வாடியாவின் ஆட்களுக்கு எந்த இடத்தில் பலகை ஒடியப் பார்த்ததோ, எனக்கும் அந்த இடத்தில்தான் ஒடியப் பார்க்கிறது. இருநூறு ஆண்டு கழித்து அதே வளைவில் அதே ‘படக்’ சத்தம்.

தீர்வும் ஒன்றுதான், நீராவி. மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் காய்ந்த நிலையில் கண்ணாடிபோல் விறைப்பானது. ஈரமும் 100 டிகிரியை நெருங்கும் சூடும் சேர்ந்தால் இளகும். அப்போது மரம் நசுங்கத் தயார், 25 முதல் 30 விழுக்காடு வரைகூடக் குறுகும். ஆனால் நீளச் சொன்னால் 2 விழுக்காட்டுக்கு மேல் போகாது, கிழிந்துவிடும். ஆகவே வெளிப்பக்கம் நீளாதபடி உலோகப் பட்டை ஒன்றை அணைத்துப் பிடித்து, வளைவு முழுவதும் உட்பக்க நசுங்கலாகவே நடக்கும்படி செய்வது தொழில் நுணுக்கம். நான் கொதிநீரில் அரை மணி ஊறவைத்து, பித்தளைத் தகட்டை வெளியே சேர்த்துப் பிடித்து, சூடான இரும்புக் குழாய்மேல் மெல்ல அழுத்துகிறேன். அவசரப்பட்டால் போச்சு.

இந்தக் கப்பலுக்கு முன்பு இப்படி ஒட்டி முடித்த முதல் சிறிய மாதிரி ஒன்றை, நண்பர் ஒருவர் தன் அலுவலக வரவேற்பறையில் வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கடலுக்கு இரண்டு தெரு தள்ளிய என் வீட்டில் செய்தது. அங்கே நாள் முழுக்கக் குளிர்சாதனம். மூன்றாம் வாரம் பலகைகளுக்கு நடுவே நூல்நூலாக வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. மரம் காற்றின் ஈரத்தோடு சமரசம் செய்துகொண்டே இருக்கும் பொருள். ஈரக்காற்றில் 14, 15 விழுக்காடு நீர் வைத்திருக்கும், உலர்ந்த அறையில் அது 9-க்கு வரும். நீளவாக்கில் இதனால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அகலத்தில் ஆகும். 140 மி.மீ.க்கு ஒன்றே முக்கால் மி.மீ. வரை சுருங்கலாம்.

சரி, பெரிய கப்பலும்தானே அதே விழுக்காடு சுருங்க வேண்டும்? அதன் அடிப்பலகைகள் எப்போதும் தண்ணீரில் ஊறி, உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்கின்றன. அது ஒரு காரணம். இன்னொன்று எனக்கு மிகவும் வியப்பான காரணம். ஈரம் மரத்துக்குள் ஊடுருவ எடுக்கும் காலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 64 மடங்கு தடித்த பலகைக்கு 4,096 மடங்கு காலம். என் பலகையில் ஒரு மணி நேரத்தில் நடப்பது உண்மைக் கப்பலின் பலகையில் நடக்க ஐந்தரை மாதத்துக்கு மேல் ஆகும். பெரிய கப்பலுக்குத் தெரிவது ஆண்டின் சராசரி ஈரம். என் மாதிரிக்கோ காலை வேறு, மதியம் வேறு. அதனால் மாதிரிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை. ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் தடுப்புச் சுவர் அது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் உலகெங்கும் எத்தனையோ பழைய மாதிரிகள் பாழாகியிருக்கின்றன. என் அந்தச் சிறிய மாதிரிக்குப் பீரங்கிகளை ஈயத்தில் வார்த்திருந்தேன். ஈயம் எளிதில் உருகும், நுணுக்கமாக வார்ப்பில் விழும், வேலை சுலபம். மாதிரி திரும்பி வந்ததும், ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து மூடி வைத்தேன். நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது பீரங்கிகள்மேல் திருநீறு பூசியது போல வெண்பொடி. தொட்டதும் உதிர்ந்தது. சில பீரங்கிகளின் வாய் காணாமலே போயிருந்தது.

மரமும் அதன் பசையும் மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில், அசிட்டிக் அமில ஆவியை விடுகின்றன. நம் சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம். மூடிய பெட்டியில் அது போக வழியில்லாமல் சேர்கிறது. ஈயத்தின் மேற்பரப்பைக் கரைத்து ஈய அசிட்டேட் ஆக்குகிறது. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அதை ஈயக் கார்பனேட்டாக, வெண்பொடியாக மாற்றுகின்றன. இந்த மாற்றத்தில் அமிலம் மறுபடி விடுபட்டு, அடியிலிருக்கும் புது ஈயத்தைத் தாக்கப் போகிறது. தீர்ந்துபோகாத ஆயுதம். ஓவியர்களின் வெள்ளை ஈயச் சாயத்தை முற்காலத்தில் தயாரித்ததும் இதே வழியில்தான், வினிகர்ச் சட்டியில் ஈயத் தகட்டைத் தொங்கவிட்டு, சாணக் குவியலுக்குள் புதைத்து. நான் அறியாமல் என் பெட்டியை ஒரு சாயப்பட்டறையாக்கி வைத்திருந்தேன். அந்தப் பொடி நஞ்சு, வெறுங்கையால் தொடக் கூடாது. இப்போது 28 பீரங்கிகளையும் பித்தளையில் கடைகிறேன். ஒவ்வொன்றும் 38 மி.மீ. நீளம், வாயில் 2 மி.மீ. துளை. பெட்டியின் அடியில் காற்றுப் போக இடைவெளியும் விட்டாயிற்று.

கயிற்றுக்கு இன்னும் நான் வரவில்லை, ஆனால் பழகிக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கும் நூலைக் கட்டினால் கயிறாகத் தெரியாது. சின்ன முறுக்கு யந்திரம் ஒன்று செய்து, மூன்று இழைகளை ஒரு திசையில் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் விட வேண்டும். ஒவ்வொரு இழையும் பிரிந்துகொள்ளப் பார்க்கும் விசைதான் மற்ற முறுக்கை இறுக்கிப் பிடிக்கிறது. கயிறு பிரியாமல் இருப்பதன் ரகசியம் இந்த இழுபறி. பருத்தி நூலென்றால் அரை மி.மீ. பிசிறு நிற்கும், அளவுப்படி அது 3 செ.மீ. மயிர். சுடரில் ஒருமுறை ஓட்டி, தேன்மெழுகு தடவ வேண்டும். இத்தனையும் செய்த பிறகு தளர்வாகத் தொங்க வேண்டிய கயிறு தொங்காது, கம்பிபோல் விறைத்து நிற்கும். எடை மும்மடியில் குறைந்துவிடுகிறது. அந்த எடைக்கு வளைந்து கொடுப்பதும் அளவோடு சேர்ந்து குறைவதால், 64-இல் ஒன்றாக்கிய கயிறு தன் எடைக்கு எதிரே 64 மடங்கு விறைப்பாகிறது. நீர்த்த பசையில் நனைத்து, குண்டூசி வைத்து இழுத்து, தொங்கும் வடிவத்திலேயே காயவிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

என் கப்பலில் வலப்பக்கம் 35 பலகைகளும் ஏறிவிட்டன. இடப்பக்கத்தைப் பாதியில் நிறுத்தப் போகிறேன், வங்குகள் வெளியே தெரியட்டும் என்று. இதைப் படித்துவிட்டுத் தொடங்க நினைப்பவருக்கு ஒன்று சொல்வேன். முழுப் போர்க்கப்பலில் கை வைக்காதீர்கள். கப்பல் சுமந்து செல்லும் படகுகளில் ஒன்றை முதலில் எடுங்கள். ஒரு சாண் நீளம்கூட வராது, ஆனால் ஏரா, வங்கு, விசிறிக் கணக்கு, நீராவி எல்லாம் அதில் உண்டு. மரம் வாங்கப் போகும்போது பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கட்டையின் குறுக்குவெட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து, துளை தெரியாத மரத்தைக் கேட்டு வாங்குங்கள்.